கேமரா வந்துவிட்டது, பாதுகாப்பு வந்துவிட்டதா?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவியர் விடுதியில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருவர் எங்களிடம் வந்தார். "அக்கா, அண்ணா யுனிவர்சிட்டி சம்பவத்துக்கு அப்புறம் எங்க கேட்டை ஏழு மணிக்கே பூட்டுறாங்க. லைப்ரரி எட்டு மணி வரைக்கும் இருக்கு. தப்பு பண்ணது எவனோ ஒருத்தன். எங்களை ஏன் வெச்சுப் பூட்டுறாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே போதுமானதாக இல்லை. இந்தக் கட்டுரை அந்தத் தங்கைக்கும், அவரைப் போல வளாகங்களில் படித்துக்கொண்டிருக்கும் தோழர்களுக்கும் நாங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி.

2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அடுத்து நடந்தது அதைவிடக் குறைந்த கொடுமை அல்ல. அவருடைய அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவரைக் குற்றம் சொல்வதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. 2025 மே 28 அன்று மகளிர் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஐந்து மாதத்தில் தீர்ப்பு வந்தது நல்ல செய்தி. அதற்கு முதல் காரணம் புகார் கொடுக்கத் துணிந்த அந்த மாணவி. ஆனால் ஒரு குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பது வேறு, ஒரு வளாகம் பாதுகாப்பான இடமாக மாறுவது வேறு. முதலாவதை நீதிமன்றம் செய்ய முடியும். இரண்டாவதை அங்கே படிப்பவர்களும் வேலை செய்பவர்களும்தான் செய்ய வேண்டும்.

அந்தக் குற்றவாளி கையில் எடுத்த ஆயுதத்தைக் கவனியுங்கள். காணொளி எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டியிருக்கிறான். இந்த மிரட்டல் ஏன் வேலை செய்கிறது? ஒரு பெண் ஆண் நண்பரோடு உட்கார்ந்து பேசியது வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கும், கல்லூரிக்குத் தெரிந்தால் பெயர் கெடும் என்ற பயம் ஏற்கெனவே அவள் மனதில் ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தப் பயத்தை ஏற்றியவர்கள் நாம்தான். குடும்பமும், சாதியும், துறைத் தலைவரும், வார்டனும் சேர்ந்து கட்டிய பயத்தைத்தான் வெளியிலிருந்து வருகிற ஒருவன் பயன்படுத்திக்கொள்கிறான். ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டுகிற நிர்வாகம் அந்தப் பயத்தை இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறது.

ஆபத்து சுவருக்கு வெளியே மட்டும்தானா?

சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் போய்வந்த பல கல்லூரிகளில் ஒரே மாதிரி மாற்றங்கள். நுழைவாயிலில் அடையாள அட்டை சோதனை. புதிய கேமராக்கள். செக்யூரிட்டி எண்ணிக்கை கூடியிருக்கிறது. விடுதி நேரம் சுருங்கியிருக்கிறது. விளக்கு போடுவதையும் ரோந்து வருவதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. விளக்கு வேண்டும். ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாமே ஆபத்து வெளியிலிருந்து வருகிறது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன.

எங்களிடம் வந்து பேசும் மாணவிகள் சொல்லும் ஆள் பெரும்பாலும் வெளியாள் இல்லை. இன்டர்னல் மார்க் போடுகிறவர், ஆய்வு நெறியாளர், லேப் சாவியை வைத்திருக்கிறவர், சீனியர், பேருந்தில் கூடவே வருகிற வகுப்புத் தோழர். இவர்கள் எல்லோரிடமும் செல்லுபடியாகும் அடையாள அட்டை இருக்கிறது. கேமராவுக்கு முன்னால் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சிலர் கேட்பார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விண்ணப்பத்தில் கையெழுத்து யாரிடம் வாங்க வேண்டும்? போனஃபைட் சான்றிதழுக்கு யார் வாசலில் நிற்க வேண்டும்? உதவித்தொகை வரத் தாமதமாகும்போது தேர்வு எழுத விடச் சொல்லி யாரிடம் கெஞ்ச வேண்டும்? வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒரு தலித் மாணவி ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை பேரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறாள். கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் படிக்கிற மாணவிக்கு இந்த வாசல்களில் பாதி கிடையாது. ஒரு வாசலில் தவறாக நடந்துகொண்டவனைப் பற்றிப் புகார் கொடுத்தால் மற்ற வாசல்களும் சாத்தப்படும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. "கோட்டாவில் வந்த பெண்" என்ற ஏளனப் பேச்சு வகுப்பறையில் தடையில்லாமல் புழங்கும்போது, அவளிடம் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாம், கேட்க ஆளில்லை என்ற செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. சாதிப் பேச்சு முதலில் வருகிறது. கை பின்னால் வருகிறது. முதலாவதைத் தடுக்காத வளாகம் இரண்டாவதைத் தடுக்க முடியாது.

வளாகப் பாதுகாப்பு என்று பேசும்போது யாரும் எண்ணிக்கையில் சேர்க்காத பெண்களும் இருக்கிறார்கள். விடியுமுன்பே வந்து கழிப்பறைகளையும் வகுப்பறைகளையும் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருடைய வீட்டுப் பெண்கள் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். போஷ் சட்டம் என்று நாம் சொல்லும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளரையும் பணியாளர் என்றே வரையறுக்கிறது. ஆனால் நாங்கள் கேட்டுப் பார்த்த இடங்களில் தூய்மைப் பணியாளர் அக்காக்கள் ஒருவருக்குக்கூட அப்படி ஒரு குழு இருப்பதே தெரியவில்லை. "எங்களுக்கு மேஸ்திரிதான் எல்லாம்" என்றார் ஒருவர். அந்த மேஸ்திரியைப் பற்றித்தான் புகார் என்றால்?

சட்டங்கள் எப்படி வந்தன?

1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா ஈவ் டீசிங் கொடுமையில் உயிரிழந்தார். அதே ஆண்டு அதற்கும் சட்டம் வந்தது. அண்ணா பல்கலைக்கழகச் சம்பவத்தைத் தொடர்ந்து 2025 ஜனவரியில் தண்டனைகளைக் கடுமையாக்கும் திருத்தங்கள் சட்டமன்றத்தில் நிறைவேறின. இவையெல்லாம் வேண்டிய சட்டங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு இளம் உயிர் போயிருக்கிறது அல்லது ஒரு வாழ்க்கை சிதைக்கப்பட்டிருக்கிறது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது? ராஜஸ்தான் கிராமம் ஒன்றில். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் அடிமட்ட ஊழியராக இருந்த பன்வாரி தேவி, குயவர் சமூகத்துப் பெண், ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்காக 1992இல் ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த அநீதியைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 2013இல் அது சட்டமானது. இன்று குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் "போஷ் பயிற்சி" நடக்கிறது. சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து தாக்கிய ஒரு கிராமத்துப் பெண்ணின் போராட்டத்தால் வந்தது அது. ஆனால் அந்தப் பயிற்சிகளில் சாதி என்ற சொல்லை நாங்கள் கேட்டதில்லை.

சாதியப் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளின் கதை இன்னும் மெதுவானது. 2007இல் தோரட் குழு, எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில்கூட ஒதுங்கி வாழத் தள்ளப்பட்டதைப் பதிவு செய்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு, பாகுபாட்டைத் தடுக்கச் சமத்துவ விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அந்த விதிமுறைகள் இருந்தபோதுதான் 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலாவையும், 2019 மே மாதம் மருத்துவர் பாயல் தாத்வியையும் இழந்தோம். 2017இல் சேலத்திலிருந்து ஜே.என்.யு. போன முத்துக்கிருஷ்ணனையும் இழந்தோம். விதிமுறைகளைச் செயல்படுத்தச் சொல்லி ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளையை இழந்த தாய்மார்கள்தான் புத்தகத்தில் இருக்கும் விதியை நடைமுறைக்குக் கொண்டுவர வழக்காட வேண்டும் என்றால், அந்த விதியைக் கையில் வைத்திருந்த நிறுவனங்கள் ஏழு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தன?

உங்கள் கையில் இருப்பது என்ன?

கோபம் நியாயம். ஆனால் கோபத்தோடு விதிப் புத்தகமும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளை எத்தனை மாணவர் அமைப்புகள் வாசித்திருக்கின்றன? உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான அந்த விதிமுறைகளில் உள்ள சிலவற்றை இங்கே சொல்கிறோம்.

உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியர் அல்லாத பணியாளர் இருவர், வெளியிலிருந்து பெண்கள் பிரச்சினையில் அனுபவமுள்ள ஒருவர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகார் என்றால் மூன்று மாணவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அந்த மூவரும் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் குழுவில் இருக்கவே கூடாது. உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் குழுப் பட்டியல் இருந்தால் போய்ப் பாருங்கள். மாணவர் பெயர் இருக்கிறதா? இருந்தால், அந்த மாணவரை யார் தேர்ந்தெடுத்தது?

பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதிக்குப் போடக் கூடாது என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் கண்காணிப்பைப் பெருக்கி, நடமாடும் சுதந்திரத்தைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. 2015இல் டெல்லியில் 'பிஞ்ரா தோட்' தோழர்கள் விடுதிப் பூட்டுகளுக்கு எதிராகத் தெருவுக்கு வந்தது இதற்காகத்தான். ஏழு மணிக் கேட்டைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு எங்கள் முதல் பதில் இதுதான்: உங்கள் கேள்வி அடங்காத பெண்ணின் கேள்வி அல்ல, விதிமுறைப்படியான கேள்வி.

விசாரணை நடக்கும்போது, புகாருக்கு ஆளானவர் புகார் கொடுத்தவரின் தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடாதபடி தடுக்கலாம். தேவையானால் மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். "புகார் கொடுத்தால் கைடு ஆய்வேட்டைக் கெடுத்துவிடுவார்" என்ற பயத்துக்கு விதியில் பதில் இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் என்பது புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டும்தான். குழு அவரிடம் "விட்டுடும்மா" என்று சொல்ல இடமில்லை. நிரூபிக்க முடியாத புகார் எல்லாம் பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் சட்டமே சொல்கிறது. இந்தக் கடைசி வரியை ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் ஒட்டலாம்.

இனி இதில் உள்ள ஓட்டையைச் சொல்ல வேண்டும். போஷ் சட்டம் மாவட்ட அளவில் ஓர் உள்ளூர்க் குழுவையும் அமைக்கச் சொல்கிறது. அதன் நியமன உறுப்பினர்களில் குறைந்தது ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைச் சமூகத்துப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் விதிக்கிறது. நிறுவனத்துக்குள் இருக்கும் உள்ளகக் குழுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளைவு என்ன? ஒரு தலித் மாணவி புகாரோடு உள்ளே போகும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரே சமூக வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க முடியும். சட்டப்படி அதில் தவறு இல்லை. சாதி, வர்க்கம், சிறுபான்மை அடையாளம், மாற்றுத்திறன் போன்றவை ஒருவரை இன்னும் எளிதில் பாதிப்புக்குள்ளாக்கும் என்பதை மானியக் குழு விதிமுறைகள் ஒப்புக்கொள்கின்றன. ஒப்புக்கொண்ட பிறகு குழுவில் இடம் தர வேண்டாமா? இதைச் சட்டத் திருத்தமாகக் கேட்போம். அதுவரை, தானாகவே அப்படி ஒருவரை நியமிக்கச் சொல்லி ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்போம். நியமிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உள்ளகக் குழு விசாரிக்கிறது என்பதால் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணிடம் பட்டியல் சமூகம் அல்லாத ஒருவர் பாலியல் ரீதியாக நடந்துகொண்டால், தொட்டாலும் சரி, சொல்லாலும் சைகையாலும் சரி, 2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அது தனிக் குற்றம். துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன் விசாரணை தேவையில்லை. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு உரிமை உண்டு, நிவாரணத் தொகை உண்டு. 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போகலாம்.

ஒரு புகாரின் கதை

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறோம். ஒரு முதுகலை மாணவி. அப்பா கட்டட வேலை. புராஜெக்ட் வழிகாட்டி இரவு நேரங்களில் செய்தி அனுப்ப ஆரம்பித்தார். பதில் போடாதபோது வகுப்பில், "இலவசமா படிக்க வர்றவங்களுக்கு அக்கறை இருக்காது" என்றார். நான்கு மாதம் பொறுத்துவிட்டு அந்த மாணவி புகார் எழுதினார். குழு முதலில் கேட்டது, "முதல் மெசேஜுக்கு ஏன்மா ஸ்மைலி போட்ட?" அடுத்து அப்பாவை வரவழைத்தார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம், "பொண்ணோட பேர் கெட்டுப்போயிடும், யோசிச்சுக்குங்க" என்றார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் அந்த வீட்டுக்குப் போனபோது டி.சி. வாங்கியாகிவிட்டது. வழிகாட்டி அடுத்த ஆண்டும் வழிகாட்டியாகவே இருந்தார்.

இதில் எத்தனை விதிகள் மீறப்பட்டிருக்கின்றன என்று இப்போது உங்களால் எண்ண முடியும். அந்த வயதில் அவருக்கும் எண்ணத் தெரிந்திருந்தால், அல்லது எண்ணத் தெரிந்த ஒரு சீனியர் அக்கா பக்கத்து அறையில் இருந்திருந்தால்? வேலை போட்டுவிட்டு வந்த அப்பா அந்த அறைக்குள் போகுமுன் அவரோடு ஐந்து நிமிடம் பேச ஒருவர் இருந்திருந்தால்? அந்த ஐந்து நிமிடம் கேமராவால் தர முடியாத பாதுகாப்பு. எங்களுக்குத் தகவல் வந்தது மிகத் தாமதமாக. அந்தக் குற்ற உணர்வு எங்களுக்கு இன்றும் இருக்கிறது.

நிலைக்கும்படி செய்வது எப்படி?

போராட்டம் வெடிக்கும், குழு அமைப்பார்கள், இரண்டு ஆண்டில் போராடிய மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள், குழு தூங்கிவிடும். பேராசிரியர்கள் முப்பது ஆண்டு இருக்கிறார்கள். மாணவர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. நிர்வாகத்தின் பெரிய பலமே நம்முடைய மறதிதான்.

ஜே.என்.யு.வில் 1999இல் ஜிஎஸ்கேஷ் என்ற குழு அமைந்தது. மாணவர்கள் தேர்தல் மூலம் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். நாடு முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட குழு அது. 2017இல் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டு நியமனக் குழுவை வைத்தது. பதினெட்டு ஆண்டு வேர்விட்டதையே பிடுங்க முடியும் என்றால், ஒரு சுற்றறிக்கையை நம்பி உட்கார முடியாது என்பது பாடம். ஆகவே நாங்கள் சொல்வது எல்லாம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சிறிய வேலைகள்.

முதலாவது, சேர்க்கை நடக்கும் முதல் வாரம். முதலாண்டு மாணவர்களை நிர்வாகம் சந்திப்பதற்கு முன்போ பின்போ நீங்கள் சந்தியுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்துக்கு உதவும் மேசையிலேயே, புகார்க் குழு பற்றியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும் ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுங்கள். உதவித்தொகைக்கு உதவியவர்களிடம்தான் நாளைக்கு மற்ற பிரச்சினையும் வரும்.

இரண்டாவது, பருவத்துக்கு ஒருமுறை வளாக நடை. இருட்டிய பிறகு மாணவிகள், தூய்மைப் பணியாளர்கள், இரவுக் காவலர்கள் சேர்ந்து நடந்து, எங்கே விளக்கு இல்லை, எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, விடுதியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை எங்கே பயமாக இருக்கிறது என்று குறித்து, தேதி போட்டு மனுவாகக் கொடுங்கள். வளாகத்துக்கு வெளியே இருக்கும் அரசு நல விடுதிகளையும் சேருங்கள். 2025இல் அவற்றின் பெயர் 'சமூகநீதி விடுதி' என்று மாறியது. விடுதிக்குப் போகும் பாதையும் பெயருக்கேற்றபடி மாற வேண்டும்.

மூன்றாவது, தகவல் பெறும் உரிமைச் சட்டம். உள்ளகக் குழு ஆண்டறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, உறுப்பினர்கள் யார், மாணவர் தேர்தல் எப்போது நடந்தது என்று அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. புகார் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று பதில் வந்தால் மகிழ வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் பூஜ்ஜியம் என்றால் அந்தக் குழுவை யாரும் நம்பவில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நான்காவது, ஒரு நோட்டு. மனுக்களின் நகல், வந்த பதில்கள், உதவும் வழக்கறிஞர்களின் எண்கள், எந்த அதிகாரி என்ன வாக்குறுதி கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பாதிக்கப்பட்டவர்களின் பெயர் ஒருபோதும் அதில் வேண்டாம். கடைசி ஆண்டு மாணவர்கள் அதை அடுத்த அணியிடம் ஒரு கூட்டம் போட்டு ஒப்படைக்க வேண்டும். விடைபெறும் விழாவில் கேக் வெட்டுகிறோம் அல்லவா, அதற்கு முன்னால் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஐந்தாவது, ஆண் தோழர்கள். மாணவியர் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப்போட்டுவிட்டு வெளியே நிற்பதோடு உங்கள் வேலை முடியவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படம் வைத்துக் கேலி ஓடும்போது முதலில் "நிறுத்து" என்று எழுத வேண்டியது நீங்கள். சாதிக் கயிறு கட்டிக்கொண்டு திரியும் நண்பனிடம் பேச வேண்டியதும் நீங்கள்.

நம் வீட்டையும் பார்ப்போம்

இதைச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாக இருக்காது. நம்முடைய அமைப்புகளிலும் இது நடக்கிறது. முன்னணித் தோழர் ஒருவர் தவறாக நடந்துகொண்டார் என்று ஒரு தங்கை சொன்னால், "இப்போ வெளியே வந்தா இயக்கத்துக்குக் கெட்ட பேர், ஆதிக்க சாதிக்காரன் சிரிப்பான்" என்று அவளை அடக்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்திருக்கிறோம், உடனே எழுந்து பேசாமலும் இருந்திருக்கிறோம். ஊரில் சாதிப் பெருமைக்காகப் பெண்ணின் வாயை அடைப்பதும், இயக்கத்தின் பெயருக்காக அடைப்பதும் அவளுக்கு ஒன்றுதான். பெண்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அளந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1942இல் நாக்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்ட மாநாட்டில் பேசியவர் அவர். அவர் படத்தை மேடையில் வைத்துக்கொண்டு ஒரு தங்கையை அழவிட முடியாது. ஒவ்வொரு மாணவர் அமைப்பும் தனக்கென ஒரு புகார்க் குழுவை, வெளியாள் ஒருவரோடு, வைக்க வேண்டும். கல்லூரியிடம் கேட்பதற்கு முன் நாம் செய்துகாட்டுவோம்.

ஏழு மணிக் கேட் பற்றிக் கேட்ட தங்கையின் விடுதிக்கு மறுபடி போனோம். விதிமுறையின் அந்தப் பகுதியை நகலெடுத்து, நூலக நேரத்தையும் குறித்து, நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்திருந்தார்கள். கேட் இப்போது எட்டரைக்குப் பூட்டப்படுகிறது. ஆண்கள் விடுதிக்கு இன்னும் பத்து மணிதான். "பாதி ஜெயிச்சிருக்கோம்க்கா" என்றார். மனு நகலை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் அந்த மனு ஒட்டப்பட்டிருந்தது. மீதிப் பக்கங்கள் ஜூனியர்களுக்கு.

உங்கள் விடுதியில் அந்த நோட்டு இருக்கிறதா, தோழர்களே? இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று வாங்குங்கள்.

ஜெய் பீம்!